எந்த ஊரும்மா நீ?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். எங்கள் காலனி இரவுப் பள்ளியில் படித்து, இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டுக்கு வந்திருக்கும் தங்கை ஒருத்தி. மறுநாள் காலை கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் போய்ச் சேர வேண்டும். பாடக்குறிப்பு எழுதியாயிற்று, சார்ட் ஒட்டியாயிற்று, கல்லூரிப் புடவையை இஸ்திரி போட்டாயிற்று. "அப்புறம் என்னடி பயம்?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்.

"அக்கா, எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்றது?"

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். சிரிக்க முடியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்க தன் ஊரின் பெயரைச் சொல்லி வளர்ந்த பெண், எம்.எஸ்சி. கணிதம் முடித்தவள், மறுநாள் நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கணக்குப் போடப் போகிறவள். கணக்கு தப்பாகிவிடுமோ என்று அவள் பயப்படவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு வரப்போகிற இரண்டாவது கேள்விக்குத்தான் பயப்படுகிறாள்.

முதல் நாள் படபடப்பு எல்லோருக்கும் வரும் என்பார்கள். வரும். குரல் கம்மும், சாக்பீஸ் உடையும், பிள்ளைகள் சிரிப்பார்கள், மூன்றாவது நாள் சரியாகிவிடும். அந்தப் படபடப்புக்கு மருந்து தேவையில்லை. நான் சொல்வது வேறு நடுக்கம். இதையும் அதையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் செய்யும் முதல் மோசடி. ஆண்டு தவறாமல் கோட்டு போட்ட ஒருவரைக் கூட்டிவந்து தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகு, நிமிர்ந்து நட, கண்ணைப் பார்த்துப் பேசு. ஐயா, நாங்கள் நிமிர்ந்து நடந்ததற்காக எத்தனை ஊரில் வெட்டு விழுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கண்ணைப் பார்த்துப் பேசினால் திமிர் என்று பெயர் வாங்கும் சமூகத்துப் பிள்ளைக்கும், பேசாவிட்டால்தான் குறை என்று நினைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கண்ணாடியை நீட்டுகிறீர்கள்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். 2017. ஐந்து பேர் போனோம். எல்லோரும் ஒரே கல்லூரி, ஒரே நிறப் புடவை. எங்களைப் பார்த்து யாரும் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று நான் அசட்டுத்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் அறையில் அனுமதிக் கடிதத்தைக் கொடுத்தோம். அவர் நல்ல மனிதர், இதைச் சொல்லத்தான் வேண்டும். உட்காரச் சொன்னார். ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார், பாடம் கேட்டார், ஊர் கேட்டார். என் முறை வந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். அங்க எங்க, மாரியம்மன் கோயில் தெருவா?"

"இல்ல சார். ஏரிக்கரை தாண்டி."

"ஓ."

அந்த 'ஓ'வுக்கு மாத்திரை எத்தனை என்று எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. அரை நிமிடம். அதற்குள் ஐந்து பேர், நான்கு பேரும் ஒருத்தியுமாக ஆகிவிட்டோம்.

பத்தே முக்காலுக்கு டீ வந்தது. ஆசிரியர் அறையில் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. என்னோடு வந்த நால்வருக்கும் அதில் ஊற்றினார்கள். எனக்கு மட்டும் கடையிலிருந்து வந்த காகிதக் கோப்பை. "டம்ளர் பத்தலம்மா, தப்பா எடுத்துக்காத." எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் பத்தவில்லை. அதற்கு மறுநாள் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார், இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு, டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அன்றும் எனக்குக் காகிதக் கோப்பைதான்.

1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார் பாபாசாகேப். அதற்குள் கொலம்பியாவில் படித்துவிட்டு வந்திருந்தார், லண்டனில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அந்தக் கல்லூரியில் பேராசிரியர்களுக்கு வைத்திருந்த தண்ணீரை அவர் குடிப்பதற்கு உடன் வேலை பார்த்த சிலர் ஆட்சேபித்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கதையாயிற்றே என்று நாம் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். குடத்தின் இடத்தில் இப்போது பிளாஸ்க் இருக்கிறது, அவ்வளவுதான். காகிதக் கோப்பை தனி டம்ளரைவிடத் தந்திரமானது. தேநீர்க் கடையில் தனி டம்ளர் தொங்கினால் போட்டோ எடுக்கலாம், புகார் கொடுக்கலாம். காகிதக் கோப்பையை எந்தக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைப்பது? குடித்து முடித்ததும் சாட்சி குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கட்டுரை அந்தக் கோப்பையைப் பற்றியது அல்ல. அதைச் சொல்லி அனுதாபம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறோம். அன்று மத்தியானம் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. எட்டு வருஷமாக யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

எனக்கு ஒன்பதாம் வகுப்பு கொடுத்தார்கள். கணங்கள் பாடம். மதியம் முதல் பீரியட். வழிகாட்டி ஆசிரியை ஒரு பதிவேட்டையும் ஒரு தாளையும் என் கையில் கொடுத்து, "பாடத்த அப்புறம் பாத்துக்கலாம். ஸ்காலர்ஷிப் லிஸ்ட் இன்னிக்குள்ள ஆபீசுக்குப் போகணும். கம்யூனிட்டி வாரியா எழுந்திரிக்கச் சொல்லி எண்ணிக் குடுத்துடும்மா" என்றார். பயிற்சி மாணவி என்றால் எடுபிடி வேலைக்கும் ஆள் என்று அர்த்தம், அது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். நான் மேடையில் ஏறினேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்த பாட அறிமுகம் தொண்டையிலேயே நின்றது. நாற்பத்தாறு முகங்கள். என் வாயிலிருந்து ஆசிரியையாக வந்த முதல் வாக்கியம் இது:

"எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க."

எழுந்தார்கள். மெதுவாக, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. பதினோரு பேர். பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் ஒரு பெண், பேனா மூடியைக் கடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அது அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். ஏழாம் வகுப்பில் நானும் அப்படி ஒரு முறை உட்கார்ந்திருந்தேன், வயிற்று வலி என்று சொல்லி. பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்து, "ஏய், நீயும்தான, எந்திரி" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் எழுந்தாள். நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.

என் வேலைக்கு முதல் நாள், முதல் பீரியட். காலையில் என்னை ஓர் 'ஓ' போட்டுப் பிரித்தார்கள். மத்தியானம் நான் பன்னிரண்டு பேரைப் பிரித்தேன். நான்கு மணி நேரம்தான் பிடித்தது. இதைத்தான் பயிற்சி என்கிறார்கள்.

அந்தப் பட்டியலை வேறு விதமாக எடுக்க முடியாதா? முடியும். ஒவ்வொரு பிள்ளையின் சேர்க்கைப் பதிவிலும், எமிஸ் இணையதளத்திலும் அந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். உதவித்தொகை விண்ணப்பத்தை எல்லாப் பிள்ளைக்கும் உறையில் வைத்து வீட்டுக்கு அனுப்பலாம். யாரும் எழுந்து நிற்கத் தேவையே இல்லை. அப்படியானால் ஏன் எழுப்புகிறார்கள்? சோம்பல் பாதி. மீதிப் பாதி, எழுந்து நிற்பதில் ஒரு பொருள் இருக்கிறது: அரசாங்கப் பணம் யாருக்குப் போகிறது என்று மீதி முப்பத்து நான்கு பேரும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் அந்த முப்பத்து நான்கு பேரிலும் பெரும்பாலோருக்கு வேறு வேறு பெயரில் அரசு உதவித்தொகை உண்டு. பி.சி. பிள்ளைகளை எழுப்பும்போது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் அன்று கவனித்தேன்.

இப்போது அதிகாரத்தில் இருப்பவர்களிடம் வருகிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நேர்ந்த துன்புறுத்தலை ஆசிரியரிடம் சொன்ன தலித் மாணவனை, சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நாடே அதிர்ந்தது என்றார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். அவர் 2024 ஜூன் 18 அன்று அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். நூற்றுக்கணக்கான பக்கங்கள். அறிக்கை வெளியே வந்த மறுநாளே ஒரு கூச்சல் கிளம்பியது. எதைப் பற்றி? நெற்றிப் பொட்டைப் பற்றி, கையில் கட்டும் கயிற்றைப் பற்றி. மதத்தில் கை வைக்கிறார்கள், பண்பாட்டில் கை வைக்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்கள் எல்லாம் கயிற்றிலேயே தொங்கின. கயிறு சாதாரண விஷயமில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் நிறம் பார்த்துச் சாதி சொல்லும் கயிறு அது. 2019-இலேயே பள்ளிக் கல்வி இயக்குநர் அதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு வந்ததும் அன்றைய அமைச்சர் பழைய நடைமுறையே தொடரும் என்று பின்வாங்கியதையும் பார்த்தோம். ஆனால் கயிறு கட்டாத மாவட்டங்களும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கயிறு தேவையில்லை. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போதும்.

அதே அறிக்கை ஆசிரியர்களைப் பற்றியும் பேசுகிறது. சாதிவாரியாக எழுப்பக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்கக் கூடாது என்கிறது. ஆசிரியர்களுக்கு நடத்தை விதிகள் வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது, பி.எட். பாடத்திட்டத்தையே திருத்த வேண்டும் என்கிறது. இதைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியிலாவது ஒரு மணி நேரம் விவாதம் பார்த்தீர்களா? எந்த ஆசிரியர் சங்கமாவது, "ஆமாம், எங்கள் வீட்டிலும் அழுக்கு இருக்கிறது, கழுவுவோம்" என்று தீர்மானம் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் கோட்டை வரை போகத் தெரிந்த சங்கங்கள் அவை. போகட்டும், அது அவர்கள் உரிமை, நாமும் கூடவே நிற்போம். ஆனால் 2022 டிசம்பரில் பெருந்துறை அருகே பாலக்கரையில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானபோது இந்தச் சங்கங்களின் குரல் எங்கே போயிற்று? அதே ஆண்டு செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய காணொளியைப் பார்த்தோம். அந்தப் பிள்ளைகள் கடையிலிருந்து திரும்பி நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தை நோக்கித்தான். அங்கே அவர்களுக்காகக் காத்திருந்த ஆசிரியர் எப்படிப் பயிற்சி பெற்றவர் என்று யாராவது கேட்டோமா?

பி.எட்.டில் சாதியே இல்லை என்று சொன்னால் பொய். சமகால இந்தியாவும் கல்வியும் என்று ஒரு தாளே இருக்கிறது. ஏற்றத்தாழ்வு, விளிம்புநிலை, அரசமைப்புச் சட்டக் கூறுகள் எல்லாம் வரும். பத்து மதிப்பெண் வினா. துணைத்தலைப்பு போட்டு, அடிக்கோடு போட்டு, கடைசியில் முடிவுரை எழுதினால் எட்டு மதிப்பெண் நிச்சயம். என்னோடு வந்த நால்வரும் அந்தத் தாளில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினார்கள். என் கையில் காகிதக் கோப்பை இருந்ததை நால்வரும் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பேருந்தில் வரும்போது, "பாவம்டி நீ" என்றாள். அவளை நான் வெறுக்கவில்லை. ஆனால் அந்தப் 'பாவம்' தேர்வுத்தாளில் எழுதிய முடிவுரையைப் போலவே இருந்தது.

2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதிகளை மாற்றி, ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை ஈராண்டாக்கியது. இரண்டு ஆண்டிலும் சேர்த்து இருபது வாரம் பள்ளி அனுபவம், அதில் பதினாறு வாரம் இரண்டாம் ஆண்டில். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பதினாறு வாரத்தில் ஒரு பயிற்சி மாணவி யாருடைய ஆள்? பள்ளி அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, அவள் அங்கே ஊழியர் இல்லை. கல்லூரிப் பேராசிரியர் எப்போதாவது ஒரு நாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பல்கலைக்கழக மானியக் குழு 2012-இலேயே உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் வேண்டும் என்று விதி போட்டது. உங்கள் பி.எட். கல்லூரியில் அந்த அலுவலரின் பெயர் யாருக்காவது தெரியுமா? தெரிந்தாலும், நடந்தது வேறு துறையின் கட்டடத்தில், நாங்கள் என்ன செய்ய முடியும் என்பார். பள்ளியோ, அவர் எங்கள் மாணவியும் இல்லை ஊழியரும் இல்லை என்று சொல்லும். இரண்டு வேலிக்கு நடுவில் உள்ள பொட்டல்காடு அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்கும் பொருந்தும், உண்மை. சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தினால் வழக்கு உண்டு. 'ஓ' என்று சொன்னால் வழக்கு உண்டா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கையெழுத்து. வருகைச் சான்று, பாடக்குறிப்பு, பயிற்சி மதிப்பெண், எல்லாவற்றிலும் வழிகாட்டி ஆசிரியரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய கட்டணம், இரண்டு வருஷப் படிப்பு, வீட்டில் முதல் பட்டதாரி, எல்லாம் அந்த ஒரு பேனா முனையில் நிற்கிறது. இந்த நிலையில் அவளைப் பார்த்து, "ஏன் அப்பவே எதிர்த்துக் கேக்கல?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மாநாட்டுக்கு ஆள் திரட்ட இந்தத் தங்கைகளைத் தேடுகிறோம். பயிற்சிப் பள்ளிக்குப் போகும் முதல் நாள் அவளுக்குத் துணையாக ஒருவராவது போனோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஆசிரியர் அறையில் நம் சமூகத்தைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பதினாறு வாரமும் என் பக்கம் திரும்பவில்லை. காகிதக் கோப்பையை அவரும் பார்த்தார், அவர் கையில் கண்ணாடி டம்ளர். நான் அவரைத் துரோகி என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பயிற்சி முடிந்த நாளில், மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "ஊருக்குள்ள வாடகைக்கு இருக்கேம்மா. பையன் பிளஸ் டூ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அரசு வேலை, இருபது வருஷ அனுபவம், தலைமையாசிரியருக்கு அடுத்த இடம். அவருக்கும் ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான்.

"எல்லா ஆசிரியர்களும் அப்படியா?" என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள், தெரியும். இல்லை. என் படிப்பே நல்ல ஆசிரியர்கள் போட்ட பிச்சை என்று எழுத வந்தேன், பிச்சை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், அது என் உரிமை. ஆனாலும் நல்லவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். நல்லவர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்ற நிலையில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இந்தக் கட்டத்தில் சாவித்திரிபாய் பூலேவின் கதையைச் சொல்லித் தைரியம் ஊட்டுவது நம் மேடைகளில் வழக்கம். 1848-இல் பூனாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, பாடம் சொல்லித் தரப் போன வழியில் சேற்றையும் சாணியையும் அவர்மேல் எறிந்தார்கள், அவர் மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு போனார். கைதட்டுகிறோம். அவருடைய வீரத்துக்குக் கைதட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் தெருவை யார் கேட்பது? ஒரு ஆசிரியை பள்ளிக்குப் போக மாற்றுப் புடவை தேவைப்பட்டது அந்தத் தெருவின் அசிங்கம். அதை அவருடைய பெருமையாக மட்டும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தால், இன்னும் நூற்றெழுபது வருஷத்துக்கு நம் பிள்ளைகள் மாற்றுப் புடவையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இன்றைக்கு அந்தப் பையில் இருப்பது பொய் முகவரி. கோயில் தெரு என்று சொல்லிக்கொள்வது, சித்தி வீட்டு ஊரைத் தன் ஊராகச் சொல்வது, அப்பா வேலையை மாற்றிச் சொல்வது. அன்று ராத்திரி போனில் அந்தத் தங்கை என்னிடம் கேட்டது அப்படி ஒரு புடவையைத்தான்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். இழிவாகிப்போன சொல் போகட்டும். ஆனால் தெருவின் பெயரை மாற்றினால் கேள்வியும் மாறும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஓர் ஆசிரியர் அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். நகர் என்று சொன்னால், "எந்தப் பக்கத்து நகர்?" என்று அடுத்த கேள்வி வரும்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பும் ஒவ்வொரு கல்லூரியும், பள்ளியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்: பயிற்சி மாணவரின் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்கக் கூடாது, சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு அவரைப் பயன்படுத்தக் கூடாது. புகார் வந்தால் விசாரிக்கும் பொறுப்பு கல்லூரியுடையது என்று ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் உத்தரவு போட வேண்டும். புகார் கொடுத்தவருக்கு வேறு பள்ளியும், வேறு கையெழுத்தும் கிடைக்க வேண்டும். சந்துரு அறிக்கையில் பி.எட். பற்றிச் சொன்னதை எப்போது நிறைவேற்றுவீர்கள் என்று அரசு தேதி சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் நிதி வேண்டாம்.

அதுவரை என்ன செய்வது? பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்களை நான் சண்டைக்கு அனுப்பவில்லை. கையெழுத்து உங்களுக்கு வேண்டும், வாங்குங்கள். ஆனால் பாடக்குறிப்பு நோட்டோடு இன்னொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் என்ன கேட்டார், என்ன பதில், யார் பக்கத்தில் இருந்தார், டீ எதில் வந்தது. அன்றன்றைக்கு எழுதுங்கள், அழகாக எழுத வேண்டாம். பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த பிறகு எங்களிடம் கொடுங்கள். பெயரை மறைத்துத் தொகுத்து, பல்கலைக்கழகத்துக்கும் பட்டியல் சாதி ஆணையத்துக்கும் கொண்டுபோகிறோம். ஒருத்தியின் 'ஓ' புகார் ஆகாது. நானூறு பேரின் நோட்டு ஆகும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் அந்தப் பதிவேட்டைக் கொடுத்து எழுப்பச் சொன்னால், "எமிஸ்ல இருக்கு மேடம், நான் ஆபீஸ்ல உக்காந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வேலை பத்து நிமிடம் கூடும். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி பேனா மூடியைக் கடிக்க வேண்டியதில்லை. இதைச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை.

ஞாயிறு ராத்திரி அந்தத் தங்கையிடம் நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைச் சொல், தெருப் பெயரையும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு என்றேன். திங்கட்கிழமை காலை நானும் இரவுப் பள்ளித் தோழர் ஒருவரும் அவளோடு டவுன் பஸ்ஸில் போய், பள்ளி வாசலில் இருந்த டீக்கடையில் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். எங்களால் ஆனது அவ்வளவுதான். சாயந்திரம் அவள் தன் இரண்டாவது நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

"திங்கள். 9 இ, 48 பேர். ஊர் கேட்டது இரண்டு பேர். அம்பேத்கர் நகர்னு நானே சொன்னேன். ஒருத்தர் ஒண்ணும் சொல்லல. ஒருத்தர் அப்படியான்னு கேட்டார். டீ எவர்சில்வர் டம்ளர், எல்லாருக்கும் அதேதான். ஸ்காலர்ஷிப் லிஸ்ட் நாளைக்கு எடுக்கச் சொல்லியிருக்காங்க."